சுவருக்கு வெளியே நுரைப்பலகை: ஜொகூர் வீடுகளுக்கு அது தேவையா?

ஆற்றலைச் சிக்கனமாகச் செலவிடும் வீடு என்று பேச்செடுத்தால், செங்கல் சுவரின் வெளிப்புறத்தில் நுரைப்பலகை ஒட்டி அதன்மேல் வலையும் மெல்லிய பூச்சும் போடுகிற முறை இன்று தவறாமல் முன்வைக்கப்படுகிறது. தமிழ்நாட்டில் தெர்மகோல் என்று அறியப்படும் பாலிஸ்டைரீன்தான் பெரும்பாலும் இந்தப் பலகை. ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் இதன் பயன் நிறுவப்பட்டதே. ஆனால் நிலநடுக்கோட்டுக்கு ஒன்றரைப் பாகை வடக்கே, ஆண்டு முழுவதும் பகலில் 32, 33 டிகிரியும் இரவில் 24 டிகிரியும் நிலவும் ஜொகூர் பாருவில் இது எந்த அளவுக்குப் பொருந்தும்? ஈரமும் வெப்பமும் சேர்ந்த நாட்டில் சுவர் எப்படி இருக்க வேண்டும் என்ற பழைய கேள்வியின் புதிய வடிவம்தான் இது. அதற்கு இதுவரை சொல்லப்பட்ட விடைகளையும் அவற்றின் பலவீனங்களையும் இக்கட்டுரை பார்க்கிறது.

குளிர்நாட்டில் பிறந்த தீர்வு

பாலிஸ்டைரீன் நுரை 1940களிலும் 1950களின் தொடக்கத்திலும் தொழிற்சாலைப் பொருளானது. சுவருக்கு வெளியே அதை ஒட்டிப் பூசும் முறை 1950களில் ஜெர்மனியில் உருவாயிற்று. 1969இல் டிரைவிட் நிறுவனம் அதை அமெரிக்காவுக்குக் கொண்டுபோனது. 1973இன் எண்ணெய் நெருக்கடி இந்த முறைக்குப் பெரும் சந்தையைத் திறந்துவிட்டது. கோட்பாட்டு அடித்தளம் கனடாவிலிருந்து வந்தது. கட்டடத்தைத் தாங்கும் சுவர் உள்ளே இருக்கட்டும், வெப்பக்காப்பு அதற்கு வெளியே போகட்டும் என்று நீல் ஹட்சியன் 1960களில் விளக்கினார். ஜோசப் லிஸ்டிபுரெக் அந்தக் கருத்தையே பின்னாளில் ‘குறையற்ற சுவர்’ என்ற பெயரில் பரப்பினார். வெப்பநாட்டுக்கும் குளிர்நாட்டுக்கும் இது ஒன்றுபோலப் பொருந்தும் என்பது அவர் வாதம்.

இந்த வாதத்தை ஜொகூரில் வைத்துப் பார்க்கும்முன் ஒரு வேறுபாட்டை மனத்தில் கொள்ள வேண்டும். மிகச் சொற்ப ஆற்றலில் இயங்கும் ‘பேசிவ் ஹவுஸ்’ தரத்தின் முதல் வீடு 1991இல் எழுந்த ஜெர்மனியின் டார்ம்ஸ்டாட் நகரத்தில், குளிர்காலத்தில் வீட்டின் உள்ளுக்கும் வெளிக்கும் இடையே 20, 30 டிகிரி வேறுபாடு வாரக்கணக்கில் நீடிக்கலாம். ஜொகூரில் அறையை 25 டிகிரியில் வைத்தாலும், வெளியே ஒரு நாளின் சராசரி 27 அல்லது 28தான். காற்றின் வெப்பத்தை மட்டும் பார்த்தால் நுரைப்பலகை தடுத்து நிறுத்த வேண்டியது சொற்பம். இங்கே சுவரைச் சுடுவது காற்றைக் காட்டிலும் வெயில்தான். எனவே, குளிர்நாட்டில் நான்கு சுவர்களுக்கும் சமமாகப் பொருந்தும் கணக்கு, இங்கே வெயில் படும் சுவருக்கு ஒன்றாகவும் நிழலில் நிற்கும் சுவருக்கு வேறாகவும் பிரிந்துவிடுகிறது.

திறந்த வீட்டின் மரபு

முதல் விடை இந்த மண்ணுக்கே உரியது. தூண்களின்மேல் நிற்கும் மலாய் வீடு, பலகைச் சுவர், அகன்ற சன்னல், தாழ இறங்கும் அத்தாப்பு ஓலைக் கூரை. ஜொகூரில் பரவலாக இருந்த, நான்கு புறமும் சரியும் லிமாஸ் கூரை வீடுகளும் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்தவையே. சுவர் வெப்பத்தைத் தடுக்கவும் இல்லை, தேக்கவும் இல்லை. காற்றை உள்ளே விட்டது, அவ்வளவே. லிம் ஜீ யுவான் 1987இல் எழுதிய ‘மலாய் வீடு’ என்ற நூல் இந்த அறிவை முறையாகப் பதிவு செய்தது. அதற்கு முன்பே மேக்ஸ்வெல் ஃபிரையும் ஜேன் டுரூவும் 1956இல் ஈரவெப்ப மண்டலக் கட்டடக்கலை பற்றி எழுதிய நூல் நிழலையும் காற்றோட்டத்தையும் முதன்மைப்படுத்தியது. இந்தியாவில் மைசூர் அரசின் தலைமைக் கட்டடக்கலைஞராகப் பணியாற்றி, புவனேசுவரம் நகரத் திட்டத்தை வகுத்த ஓட்டோ கோனிக்ஸ்பெர்கர், ராபர்ட் லின்னுடன் சேர்ந்து 1965இல் ஈரவெப்ப மண்டலத்துக் கூரைகளைப் பற்றித் தனியாகவே ஒரு நூல் எழுதினார். சுவரை விட்டுவிட்டுக் கூரைக்கென்று ஒரு நூல் தேவைப்பட்டது தற்செயல் அல்ல. சூரியன் உச்சியில் நிற்கும் நாட்டில் வெயிலை முழுதாக வாங்குவது கூரைதான்.

இந்த மரபைப் போற்றுகிறவர்கள் ஒன்றை மறந்துவிடக் கூடாது. ஜொகூரின் தோட்டப்புறங்களில் தமிழர்கள் வாழ்ந்த லயத்து வீடுகளும் எளிய, திறந்த வீடுகள்தாம். பல லயங்களில் தகரக் கூரைக்கும் தலைக்கும் நடுவில் உட்கூரைகூடக் கிடையாது. நண்பகலில் தகரம் கையால் தொட முடியாதபடி சுடும்; அந்தச் சூடு காற்றின் வழியாக அல்லாமல் கதிராகவே நேரே உடம்பில் இறங்கும். சன்னலைத் திறந்து வைத்தாலும் கதிர்வெப்பம் குறையாது. கூரைக் காப்பு இல்லாத திறந்த வீடு வெப்பத்திலிருந்து எவரையும் காக்காது என்பதற்கு மூன்று தலைமுறை மக்களின் வாழ்க்கையே சான்று.

திறந்த வீட்டுக் கொள்கையின் பெரிய பலவீனம், இன்றைய வீடு அது கேட்கும் இடத்தில் இல்லை என்பதே. ரப்பரும் செம்பனையும் இருந்த நிலங்களில் எழுந்த தாமான் குடியிருப்புகளில் வீடுகள் தோளோடு தோள் ஒட்டி வரிசையாக நிற்கின்றன. இடையில் உள்ள வீட்டுக்கு முன்பக்கமும் பின்பக்கமும் மட்டுமே காற்று. பின்பக்கத்தில் பெரும்பாலும் சமையற்கட்டு நீட்டிக் கட்டப்பட்டிருக்கும். திருடர் பயம், கொசு, சாரல் ஆகியவை சன்னலை அடைக்க வைக்கின்றன. வெளிக்காற்றே நஞ்சாகும் நாள்களும் உண்டு. 2013 ஜூனில் புகைமூட்டத்தால் மூவாரில் காற்றுமாசுக் குறியீடு 700ஐத் தாண்டியதும் அங்கும் லேடாங்கிலும் அவசரநிலை அறிவிக்கப்பட்டது. 2019 மார்ச்சில் பாசிர் கூடாங்கின் கிம் கிம் ஆற்றில் ரசாயனக் கழிவு கொட்டப்பட்டபோது பள்ளிகள் மூடப்பட்டன. இப்படிப்பட்ட நாள்களில் காற்றோட்டத்தை நம்பிய வீடு தன் குடியிருப்போரைக் கைவிட்டுவிடுகிறது.

கனத்த சுவரும் திறந்த இரவும்

இரண்டாம் விடை ஜொகூரிலேயே அளந்து பார்க்கப்பட்டது. ஸ்கூடாயில் உள்ள மலேசியத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தோடு இணைந்து டெட்சு குபோத்தா, டோரிஸ் தோ, சுப்பியான் அகமது ஆகியோர் ஜொகூர் பாரு வரிசை வீடுகளில் நடத்திய களச்சோதனை 2009இல் வெளியானது. பகலில் சன்னலை அடைத்து இரவில் திறந்து வைத்தால் என்ன ஆகும் என்று அவர்கள் பார்த்தார்கள். பகலில் திறந்து வைக்கும் வழக்கத்தோடு ஒப்பிட, உச்ச வெப்பநிலை சுமார் 2.5 டிகிரியும் இரவு வெப்பநிலை சுமார் 2 டிகிரியும் குறைந்தன. செலவில்லாமல் கிடைத்த 2 டிகிரியைக் குறைத்து மதிப்பிட முடியாது. செங்கல் சுவரும் கான்கிரீட் தளமும் இரவின் குளிர்ச்சியை உள்வாங்கிப் பகலில் திருப்பித் தருவதே இதன் இயக்கம்.

அதே ஆய்வு இரண்டு தடைகளையும் காட்டியது. பெரும்பாலான மக்கள் நேர்மாறாகப் பகலில் திறந்து இரவில் அடைக்கிறார்கள். மேலும், வெப்பநிலை குறைந்தாலும் பகலில் அடைத்த வீட்டில் ஈரப்பதம் மிகுதியாக இருந்தது; உடல் உணரும் சுகத்தைக் கணக்கிட்டால் ஈரத்தையும் குறைத்தாக வேண்டும் என்ற முடிவுக்கு வந்தார்கள்.

நுரைப்பலகைக்கு இந்த வழியில் ஓர் இடம் உண்டு. குளிர்ந்த செங்கல்லைப் பகல் வெயில் மீண்டும் சுடாமல் காக்க வேண்டுமானால் காப்பு செங்கல்லுக்கு வெளியே இருக்க வேண்டும். உள்ளே ஒட்டினால் செங்கல்லின் தேக்கும் ஆற்றல் அறைக்குப் பயன்படாமல் போகும். ஆயினும் இரவுக்கும் பகலுக்கும் எட்டு ஒன்பது டிகிரியே வேறுபடும் நாட்டில் தேக்கி வைக்கக் கிடைக்கும் குளிர்ச்சிக்கு ஓர் எல்லை இருக்கிறது. இந்தக் கொள்கை வறண்ட நாடுகளில் தரும் பலனை இங்கே எதிர்பார்ப்பது சரியாகாது.

மூடிய வீடும் கணக்கும்

மூன்றாம் விடை, குளிர்சாதனத்தை ஏற்றுக்கொண்டு சுவரைக் கணக்கிடுவது. 1979இல் சிங்கப்பூர் கட்டட உறையின் வழியே நுழையும் மொத்த வெப்பத்துக்கு உச்சவரம்பு விதித்தது. மலேசியாவின் எம்எஸ் 1525 நெறிமுறை 2001இல் வந்தது. அது வீடல்லாத கட்டடங்களுக்கானது. வீடுகளுக்கான எம்எஸ் 2680 வந்தது 2017இல்தான். 2004இல் புத்ராஜெயாவில் திறக்கப்பட்ட குறைந்த ஆற்றல் அலுவலகக் கட்டடம் காற்றேறிய கான்கிரீட் சுவராலும் காப்பிட்ட கூரையாலும் கட்டப்பட்டது. ஜகார்த்தாவில் ஆஸ்திரியத் தூதரகம் பேசிவ் ஹவுஸ் தரத்தில் 2011இல் எழுந்தது. ஆகவே, நன்கு காப்பிட்ட மூடிய கட்டடம் இந்தக் காலநிலையில் இயங்கும் என்பதில் ஐயமில்லை. ஆனால் இவை பயிற்சி பெற்றவர்கள் பராமரிக்கும் அலுவலகங்கள். ஒரு குடும்பம் இரவில் மட்டும் ஓர் அறையைக் குளிர்விக்கும் வீட்டுக்கு அந்த அனுபவத்தை அப்படியே நீட்டிவிட முடியாது.

ஒரு சுவரை எடுத்துக் கணக்கிட்டுப் பார்க்கலாம். மேற்கே பார்த்த படுக்கையறையின் 12 சதுர மீட்டர் சுவர். இருபுறமும் பூசிய நாலரை அங்குலச் செங்கல். நடுத்தர நிறச் சாயம். அறை 25 டிகிரி. மாலை நான்கு மணி வெயில். சுவரின் வெப்பத்தேக்கத்தை ஒதுக்கிவிட்டுத் தோராயமாகக் கணக்கிட்டால் சுமார் 800 வாட் உள்ளே வரும். ஒரு குதிரைத்திறன் குளிர்சாதனத்தின் திறனில் இது மூன்றில் ஒரு பங்குக்கு அருகில். செங்கல் இந்த வெப்பத்தைச் சில மணி நேரம் தாமதப்படுத்துவதால், அது உள்ளே வந்து சேர்வது இரவு ஏழு, எட்டு மணிக்கு, அதாவது குடும்பம் அறைக்குள் நுழையும் நேரத்துக்கு. இரவில் மேற்குச் சுவரைத் தொட்டால் வெதுவெதுப்பாக இருப்பது இதனால்தான்.

இதே சுவருக்கு 25 மில்லிமீட்டர் நுரைப்பலகை ஒட்டினால் 800 வாட் சுமார் 280 ஆகும். 50 மில்லிமீட்டர் ஒட்டினால் 170. முதல் அங்குலம் 500 வாட்டுக்கு மேல் குறைக்கிறது. இரண்டாம் அங்குலம் ஏறத்தாழ 110 வாட் மட்டுமே. அதற்கு மேல் சேர்ப்பதெல்லாம் சொற்பப் பலன். குளிர்நாட்டுக் கையேடுகள் சொல்லும் 150, 200 மில்லிமீட்டர் தடிமன் இங்கே பெரும்பாலும் வீண் செலவு.

அதே சுவருக்கு நுரை இல்லாமல் வெள்ளைச் சாயம் மட்டும் அடித்தால் 800 ஏறக்குறைய 520 ஆகிறது. சாயத்தையும் தொடாமல் முழுச் சுவருக்கும் நிழல் கொடுத்தால் 290. அதாவது, ஒரு வேப்பமரமோ அகன்ற தாழ்வாரமோ ஓர் அங்குல நுரைப்பலகையின் வேலையைச் செய்துவிடுகிறது. செங்கல்லுக்குப் பதில் ஆறு அங்குலக் காற்றேறிய கான்கிரீட் கட்டியால் கட்டிய சுவரும் ஏறத்தாழ அதே பலனைத் தரும். புது வீடு கட்டுகிறவருக்கு இந்த வழிகள் திறந்திருக்கின்றன என்பதை நுரைப்பலகையை முன்வைப்பவர்கள் போதிய அளவு சொல்வதில்லை.

கூரை முதலில்

இருபதடி அகல இரட்டை மாடி வரிசை வீட்டில் கூரையின் பரப்பு சுமார் 90 சதுர மீட்டர். இடைவீடாக இருந்தால், சன்னல்களைக் கழித்த பிறகு வெளியே தெரியும் சுவர் முன்னும் பின்னுமாக 40 சதுர மீட்டர்தான் தேறும்; பக்கச் சுவர்கள் இரண்டும் அண்டை வீட்டோடு பொதுவானவை, அவற்றில் வெயிலே படாது. அந்த 40 சதுர மீட்டரும் வடக்கு தெற்காக அமைந்துவிட்டால் நுரைப்பலகை மிகச் சிறிதே சாதிக்கும். கதையே மாறுவது முனைவீட்டில்தான். அங்கே பக்கச் சுவர் மட்டும் 90 சதுர மீட்டர், கூரைக்கு ஈடான பரப்பு. அது மேற்கே பார்த்திருந்து, நிழல் தர இடமும் இல்லாவிட்டால், நுரைப்பலகைக்கான நியாயம் வலுவானது.

மலேசியாவின் சட்டமும் கூரையையே முதலில் பிடித்திருக்கிறது. சீர்க்கட்டடத் துணைச்சட்டத்தில் 2012இல் சேர்க்கப்பட்ட 38அ விதி, இலேசான கூரையின் வெப்பக் கடத்தலுக்குச் சதுர மீட்டருக்கும் டிகிரிக்கும் 0.4 வாட் என்றும் கனத்த கூரைக்கு 0.6 என்றும் வரம்பு வைத்தது. சுவர்களுக்கான மொத்த வெப்ப வரம்பு, 4,000 சதுர மீட்டருக்கு மேல் குளிர்விக்கப்படும் பெரிய கட்டடங்களை நோக்கியது. விதி மாநிலந்தோறும் அரசிதழில் வெளியிடப்பட்டு நடைமுறைக்கு வரும். ஒப்பிட்டுப் பார்த்தால், இந்தியாவின் 2018ஆம் ஆண்டு ‘ஈகோ நிவாஸ் சம்ஹிதா’ வீட்டுக் கூரைக்கு 1.2 வாட் வரை அனுமதிக்கிறது. ஆனால் கூரை தவிர்த்த வீட்டு உறைக்குச் சென்னை போன்ற ஈரவெப்ப ஊர்களில் சதுர மீட்டருக்கு 15 வாட் என்று தனி வரம்பு வைத்திருக்கிறது. மலேசியா கூரையில் கடுமை. இந்தியா வீட்டுச் சுவரையும் சன்னலையும் விட்டுவிடவில்லை. இரண்டையும் சேர்த்துப் பார்க்கும் ஒரு விதி ஜொகூருக்குப் பயன்படும் என்பது என் மதிப்பீடு.

ஈரம், கரையான், தீ

வெப்பக் கணக்கில் வெல்லும் நுரைப்பலகை, நீடித்து நிற்பதில்தான் கடுமையான சோதனையைச் சந்திக்கிறது.

முதலில் ஆவி. 27 டிகிரியில் 85 விழுக்காடு ஈரப்பதம் கொண்ட காற்று 24 டிகிரிப் பரப்பைத் தொட்டாலே நீராகிவிடும். அறையை 20 டிகிரிக்குக் குளிர்விக்கும் வீட்டில் உட்சுவர் எப்போதும் இந்த எல்லைக்குக் கீழேதான். ஆகவே ஈரம் வெளியிலிருந்து உள்நோக்கி நகர்கிறது, குளிர்நாட்டுக்கு நேர் எதிராக. உட்புறம் நுரையும் ஜிப்சம் பலகையும் வைத்தாலும், நீர்புகாத சுவர்த்தாளை ஒட்டினாலும், ஈரம் அதன் பின்னால் தங்கிப் பூஞ்சணம் பிடிக்கும். புளோரிடா கரையோர விடுதிகள் இதை அனுபவத்தில் கற்றன. காப்பு போடுவதென்றால் வெளியே போடுவதே சரி என்பதற்கு இதைவிட வலுவான காரணம் இல்லை.

ஆனால் சுவர் வெப்பத்தைத் தடுப்பதால் ஈரம் குறைந்துவிடாது. வெப்பச்சுமை இறங்கிய அறையில் குளிர்சாதனம் சீக்கிரமே குறித்த வெப்பநிலையை எட்டி ஓய்ந்துவிடும்; ஈரத்தைப் பிழிந்தெடுக்க அதற்கு நேரம் போதாது. அறை குளிர்ந்தும் பிசுபிசுப்பாக இருக்கும். நன்கு காப்பிட்ட வீட்டுக்குச் சிறிய, வேகம் மாறும் குளிர்சாதனமோ தனி ஈர உறிஞ்சியோ தேவைப்படலாம். இதைக் கணக்கில் சேர்க்காத சேமிப்புக் கணிப்புகளை எச்சரிக்கையோடுதான் ஏற்க வேண்டும்.

அடுத்தது மழை. 1990களின் நடுவில் வட கரோலினாவின் வில்மிங்டன் நகரில், வெளிநுரைப் பூச்சுப் போட்ட வீடுகளில் சன்னல் ஓரங்கள் வழியே புகுந்த நீர் வெளியேற வழியின்றி மரச்சட்டங்களை அழுகச் செய்தது. ஜொகூரின் செங்கல் சுவர் அப்படி அழுகாது. எனினும் வடகிழக்குப் பருவமழை சாய்ந்தடிக்கும் ஊரில், உள்ளே புகுந்த நீர் வடிய இடைவெளி விடாத அமைப்பு ஆபத்தானது. இங்குள்ள வெளிச்சுவர் சும்மா நிற்பதும் இல்லை. குளிர்சாதனத்தின் வெளிப்பெட்டி, வெய்யில் மறைப்பு, கம்பிச்சட்டம், தொலைக்காட்சித் தட்டு எல்லாம் அதில்தான் திருகப்படுகின்றன. ஒவ்வொரு திருகும் பூச்சைத் துளைத்து நுரைக்குள் நீருக்கு ஒரு வழி திறக்கிறது. நுரைமீது கனமான பெட்டியை நேரடியாக மாட்டவும் முடியாது. செங்கல்வரை செல்லும் தாங்கியை முன்கூட்டியே பொருத்தியிருக்க வேண்டும். இந்த ஒழுங்கை அறிந்த கொத்தனாரும் மின்பணியாளரும் கிடைப்பது எளிதல்ல. பாசியும் பிரச்சினையே: காப்பிட்ட சுவரின் மெல்லிய மேற்பூச்சு இரவில் சீக்கிரம் குளிர்ந்து பனி படிவதால் பாசி பிடிப்பது ஜெர்மனியில் நன்கு அறியப்பட்ட குறை; ஜொகூரின் ஈர இரவுகளில் அது குறைவாக இருக்க வாய்ப்பில்லை.

ரப்பர்த் தோட்டங்களில் மரத்தை அரிக்கும் கரையான் இனத்தின் உறவினங்கள் தீபகற்பத்து வீடுகளிலும் பெரும் சேதம் செய்கின்றன. அவை நுரையைத் தின்பதில்லை. ஆனால் எளிதாகக் குடைந்து, கண்ணுக்குத் தெரியாமல் கூரைச் சட்டங்கள்வரை ஏறிவிடும். அமெரிக்காவின் கரையான் மிகுந்த தென்பகுதிகளில் மண்ணைத் தொடும் நுரைக்கு விதிகள் தடை போட்டதற்கு இதுவே காரணம். தரையிலிருந்து ஒரு பட்டை அளவுக்குச் சுவரை வெறுமையாக விட்டுக் கண்காணிப்பது இங்கும் குறைந்தபட்சத் தேவை.

தீயைப் பற்றி மெத்தனம் கூடாது. 2017 ஜூன் 14 அன்று லண்டன் கிரென்ஃபெல் கோபுரத்தில் எரியும் வெளியுறை வழியே பரவிய தீ 72 உயிர்களைக் கொண்டுபோனது. 2018 பிப்ரவரியில் பெட்டாலிங் ஜெயாவில் ஊழியர் சேமநிதி வாரியக் கட்டடத்தின் வெளிமுகப்பும் தீப்பற்றியது. இரட்டை மாடி வீட்டிலிருந்து தப்புவது கோபுரத்திலிருந்து தப்புவதைவிட எளிது. ஆனால் வரிசை வீடுகளில் ஒருவர் சுவரின் தீ அடுத்தவர் கூரைக்குத் தாவக்கூடும். தீத்தடுப்புச் சேர்த்த நுரையும், அண்டை வீட்டு எல்லையில் எரியாத பாறைக் கம்பளிப் பட்டையும் இல்லாமல் இந்த வேலையைத் தொடங்குவது அண்டை வீட்டாரின் உயிரையும் பணயம் வைப்பதாகும்.

இன்னும் தீராதவை

வெப்ப இயற்பியலில் பெரிய கருத்து வேறுபாடு இப்போது இல்லை. ஜொகூரில் கூரைக் காப்பும் நிழலும் முதலிடம்; வெளிர் நிறச் சாயம் அடுத்து; நிழலிட முடியாத கிழக்கு, மேற்குச் சுவருக்கு, அதுவும் அறை தவறாமல் குளிர்விக்கப்படும் வீட்டில், ஓர் அங்குலம் முதல் இரண்டு அங்குலம் வரை வெளிநுரை நியாயமான செலவு. சன்னலைத் திறந்து வாழும் வீட்டுக்குச் சுவர் நுரையைப் பரிந்துரைக்கப் போதிய ஆதாரம் தெரியவில்லை.

தீராதது, எந்த வகை வாழ்க்கைக்குக் கணக்கிடுவது என்பது. பல குடும்பங்களில் குளிர்சாதனம் இரவில் ஒரே அறையில் சில மணி நேரம் ஓடுகிறது. அங்கே வெளிக்காப்பு ஒரு சிக்கலை எழுப்புகிறது: நுரை வெயிலைத் தடுத்தாலும், அதற்கு உள்ளே உள்ள செங்கல் முழுவதையும் குளிர்சாதனம் ஒவ்வோர் இரவும் குளிர்வித்தாக வேண்டும். உட்காப்பில் அறை விரைவாகக் குளிரும், ஆனால் பூஞ்சணத்துக்கு இடம் கொடுக்கும். இந்த இரண்டில் எது ஜொகூர் வரிசை வீட்டில் ஆண்டுக் கணக்கில் குறைந்த மின்சாரம் செலவழிக்கிறது என்பதைக் கணினி மாதிரி மட்டும் தீர்த்துவிடாது. அடுத்தடுத்த வரிசைகளில் பக்கச் சுவர் ஒரே திசை பார்த்த இரண்டு முனைவீடுகளில், மின்சாரத்தோடு ஈரப்பதத்தையும் சுவருக்குள் தேங்கும் நீரையும் சேர்த்து, குறைந்தது இரண்டு பருவமழைக் காலமாவது அளந்தால்தான் தெரியவரும். குபோத்தா குழுவினர் சன்னலுக்குச் செய்ததைச் சுவருக்கும் செய்யும் அந்தக் களச்சோதனைக்கு ஸ்கூடாய் பொருத்தமான இடம். மலிவு விலை வீடுகளை ஆயிரக்கணக்கில் ஒரே வரைபடத்தில் கட்டும் நிறுவனங்கள் மேற்குச் சுவரை வெறும் செங்கல்லாக விட்டுவிட்டுப் போகும்போது, அந்த வெப்பத்துக்கான மின்கட்டணத்தை முப்பது ஆண்டுகள் கட்டப்போவது வீட்டை வாங்கியவர்தான். அந்தச் செலவில் எவ்வளவைக் கட்டுமான விதி முன்கூட்டியே தடுக்க வேண்டும் என்பதை, ஊராட்சி மன்றங்களும் மாநில அரசும் இனிமேல்தான் தீர்மானிக்க வேண்டியிருக்கிறது.